இரண்டு பாட்டில்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் குறும்படங்கள் எடுப்பவன். இரண்டு வருடமாக என் நண்பர்களான இளம் ஓவியர்களுக்குக் கண்காட்சி நடத்துவதிலேயே பொழுது போகிறது. என் படம் பாதியில் கிடக்கிறது. அடுத்தவர் கலைக்காக ஓடுகிறவன் தன் கலையைத் தொலைத்துவிடுவானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடிதத்தைப் படித்ததும் எமில் டி அந்தோனியோ ஞாபகம்தான் வந்தது. அமெரிக்க ஆவணப்பட இயக்குநர், 1919இல் பிறந்தவர். நாற்பது வயதுவரை ஒரு படமும் எடுக்கவில்லை. நியூயார்க்கில் ராபர்ட் ராஷன்பெர்க், ஜாஸ்பர் ஜான்ஸ் போன்ற ஓவியர்களோடு சுற்றிக்கொண்டிருந்தார். 1958இல் அந்த இருவரோடும் சேர்ந்து ஜான் கேஜ் என்ற இசையமைப்பாளரின் இருபத்தைந்து வருட இசைக்கு டவுன் ஹாலில் ஒரு கச்சேரியே நடத்தினார். உங்களைப் போல மண்டபம் பிடிக்க அலைந்தவர்தான்.

ஆனால் அவரை நான் நினைத்துக்கொள்வது வேறொன்றுக்காக. ஆண்டி வார்ஹோல் அப்போது விளம்பரப் படங்கள் வரைந்து நன்றாகவே சம்பாதித்தார். ஓவியர் என்று மட்டும் யாரும் மதிக்கவில்லை. ஒருநாள் கோக் பாட்டில் வரைந்த இரண்டு ஓவியங்களை டி அந்தோனியோவிடம் காட்டினார். ஒன்றில் அன்றைய மோஸ்தர்ப்படி தூரிகைத் தீற்றல்கள். மற்றதில் வெறும் பாட்டில், கறுப்பு வெள்ளையில். முதலாவது குப்பை, இரண்டாவதில்தான் நாம் இருக்கிறோம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வார்ஹோலே பின்னாளில் இதை எழுதியிருக்கிறார். நாமாக இருந்தால் இரண்டுமே பிரமாதம் என்று சொல்லி, டீ குடித்துவிட்டு வந்திருப்போம்.

சரி, படத்துக்கு வருவோம். கம்யூனிஸ்ட் வேட்டைக்குப் பேர்போன அமெரிக்க செனட்டர் மெக்கார்த்திக்கும் ராணுவத்துக்கும் இடையே 1954இல் நடந்த விசாரணையின் தொலைக்காட்சிப் பதிவு 188 மணிநேரம் இருந்தது. அதை வெட்டி வெட்டி ஒன்றரை மணிநேரச் சொச்சத்துக்குக் கொண்டுவந்தார் டி அந்தோனியோ. பின்னணியில் விளக்கக் குரல் கிடையாது. 1964இல் திரைக்கு வந்த அதுதான் அவருடைய முதல் படம். பாட்டில் ஓவியத்தில் எதை விட வேண்டும் என்று பார்த்த கண்தான் இங்கே எடிட்டிங் மேசையில் உட்கார்ந்திருக்கிறது என்பேன். 1972இல் அதே ஓவிய நண்பர்களைப் பேசவைத்து இன்னொரு படம் எடுத்தார். பேசுபவர்கள் கறுப்பு வெள்ளையில், ஓவியங்கள் வண்ணத்தில்.

ஆகவே ஓடுவதால் ஒன்றும் தொலையாது. எனக்கு உறுத்துவது வேறு. உங்கள் கடிதத்தில் வாடகை, பிரேம், அழைப்பிதழ் எல்லாம் ஒரு பக்கத்துக்கு வருகின்றன (அதை இங்கே சுருக்கிவிட்டேன்). ஒரு ஓவியத்தைப் பற்றிக்கூட ஒரு வரி இல்லை. கடைசிக் கண்காட்சிக்கு வந்தவற்றில் எத்தனையைத் திருப்பி அனுப்பினீர்கள்? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.