வேப்பம்பூவும் பாதி பலமும்

அன்புள்ள அம்மா,

எனக்கு வயது 47. நான்கு மாதத்துக்கு முன் கர்ப்பப்பையை எடுத்தார்கள். புண் ஆறிவிட்டது, அசதி மட்டும் போகவில்லை. மதியமானால் உடம்பு அடித்துப் போட்டதுபோல் ஆகிவிடுகிறது. மகள் ஒரு விளம்பரம் அனுப்பினாள். வசந்தகாலப் பூக்களின் நடுவே யோகா, ஆயுர்வேத எண்ணெய்க் குளியல், மலர் தியானம், மூன்று நாள் முகாம். கட்டணம் என் சம்பளத்தில் பாதி. பூவைப் பார்த்தால் உடம்பு தேறுமா? நீங்கள் முன்பு வேப்பம்பூ பற்றி எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

வாசகி, ஈரோடு
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்)

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் இணைத்திருந்த விளம்பரத்தைப் பார்த்தேன். படத்தில் இருப்பது ஜப்பானியச் செர்ரிப் பூ. முகாம் நடப்பதோ நம்மூர் வெயிலில். பனி விலகி இளஞ்சூடு வரும் நாட்டில் அந்தப் பூவுக்கு ஓர் அர்த்தம் உண்டு. நம் இளவேனில் சித்திரையும் வைகாசியும். மண் காய்ந்து வெடித்துக் கிடக்கும்போதுதான் இங்கே புங்கமும் வேம்பும் சரக்கொன்றையும் பூக்கின்றன. இதை வைத்து உங்களுக்கு வாழ்க்கைப் பாடம் எதுவும் சொல்லப்போவதில்லை, பயப்படாதீர்கள்.

ஆயுர்வேதம் வசந்தத்தைப் பற்றிச் சொல்வதைப் படித்தால் 'மென்மை' என்ற சொல் அவ்வளவாகப் பொருந்தாது. வாக்படர் ஏறக்குறைய 7ஆம் நூற்றாண்டில் எழுதிய அஷ்டாங்க ஹிருதயத்தில் பருவகால ஒழுக்கத்துக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. பின்பனியில் சேர்ந்த கபம் வசந்த வெயிலில் உருகும், அது வயிற்றின் தீயை மந்தமாக்கி நோயைக் கொண்டுவரும் என்பது அவர் கணக்கு. அதற்கு அவர் சொல்வது வாந்தி எடுக்கவைப்பது, மூக்கில் மருந்து விடுவது, உடம்பில் பொடி தேய்ப்பது, பழைய கோதுமை, பார்லி, தேன். பகல் தூக்கம் கூடாது. நல்ல குளிர்காலத்தைக் கண்ட திடமான உடம்புக்குச் சொன்னது இது. ஈரோட்டில் பனி எங்கே? நான்கு மாதத்துக்கு முன் அறுவை நடந்த உடம்பு மதியம் படுக்கச் சொன்னால் படுத்துக்கொள்ளுங்கள். வாக்படர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அதே அத்தியாயத்தில் பூவும் வருகிறது. வசந்தத்தின் நடுப்பகலைத் தென்றல் வீசும் தோப்பில், நீர் சூழ்ந்த நிழலில், குயில் கூவ, பலவிதப் பூமரங்களின் அடியில் நண்பர்களோடு கதை பேசிக் கழிக்க வேண்டுமாம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பூவைத் தியானிக்கச் சொல்லவில்லை, பூவிலிருந்து எதையும் உறிஞ்சிக்கொள்ளச் சொல்லவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து அரட்டை அடிக்கச் சொல்கிறார். அதற்குக் கட்டணம் கிடையாது, உங்கள் பக்கத்து வீட்டு அக்கா இருந்தால் போதும்.

இன்னொன்று, இது முந்தைய அத்தியாயத்தில். உடற்பயிற்சியைக் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் பலசாலிகள்கூடப் பாதி பலத்துக்குத்தான் செய்ய வேண்டும், மற்ற காலங்களில் இன்னும் குறைவாக என்கிறார். பலசாலிக்கே பாதி என்றால் உங்களுக்கும் எனக்கும் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இது பட்டுத்தான் புரிந்தது. டெங்கு வந்து எழுந்த மூன்றாவது வாரம் ஒரு யோகா வகுப்பில் சேர்ந்தேன். எந்த வகுப்பு என்பது வேண்டாம். பன்னிரண்டு சூரிய நமஸ்காரம் முடித்தே ஆக வேண்டும் என்றார்கள். ஏழாவதில் கண் இருட்டி, பக்கத்துப் பெண்மணியின் பாயில் போய் விழுந்தேன். அப்புறம் போய்ச் சேர்ந்த வயதான ஆசிரியை முதல் பத்து நாள் ஆசனமே சொல்லித்தரவில்லை. மல்லாந்து படுத்து, இரண்டு கெண்டைக்காலையும் நாற்காலியின் மேல் வைத்துக்கொண்டு, மூச்சை விடும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டச் சொன்னார். அவ்வளவுதான். ஆசனத்துக்காக ஆளை வளைக்காதே, ஆளுக்கேற்ப ஆசனத்தை மாற்று என்பது சென்னையில் வாழ்ந்து 1989இல் மறைந்த யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரின் வழி. ஆசிரியை அந்த வழியில் வந்தவர்.

உங்களுக்கும் அப்படித்தான். அறுவை செய்த டாக்டரிடம் கேட்காமல் எதுவும் தொடங்காதீர்கள். வயிற்றை உந்தும் கபாலபாதி, முன்னால் ஆழமாக மடங்குவது இரண்டும் இப்போது வேண்டாம். பிராமரியைப் பற்றி அவரிடம் கேட்டுப் பாருங்கள். ஹடயோகப் பிரதீபிகை என்ற யோக நூல் சொல்லும் எட்டுக் கும்பகங்களில், அதாவது மூச்சை அடக்கும் பயிற்சிகளில், ஒன்று, தேனீயின் பெயர் கொண்டது. அதில் மூச்சை அடக்கும் பகுதியை விட்டுவிடலாம். நிமிர்ந்து உட்கார்ந்து, உதட்டை மூடி, பல் ஒட்டாமல், மூச்சு விடும்போது மெல்ல ரீங்காரம். ஐந்தாறு முறை போதும். வாய் மூடி ஒலிக்கும்போது மூக்கிலிருந்து வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு, சும்மா மூச்சு விடுவதைவிடப் பதினைந்து மடங்கு கூடுகிறது என்று 2002இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் கண்டார்கள். சைனஸ் அறைகளுக்குள் காற்று நன்றாகப் போய்வருகிறது என்பதுதான் அதற்குப் பொருள், அசதி தீரும் என்பதல்ல. எந்தச் சுருதியில் ஒலிப்பது என்று சந்தேகம் வந்தால், பூத்திருக்கும் புங்கமரத்தடியில் காலை எட்டு மணிக்குப் போய் நில்லுங்கள். மரமே ஒரு தம்பூராபோல் இரைந்துகொண்டிருக்கும்.

வேப்பம்பூவைக் கேட்டீர்கள். நாங்கள் ராத்திரியே மரத்தடியைக் கூட்டிவிட்டு ஒரு பழைய வேட்டியை விரித்துவைப்போம். விடிந்ததும் அதில் அரிசிக் குருணைபோல் வெள்ளையாகக் கிடக்கும். முறத்தில் போட்டுப் புடைத்தால் இலைச் சருகு போய்விடும், குச்சி போகாது. அதை விரலால்தான் பொறுக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் காய்ந்தால் ஒரு முறம் பூ ஒரு சின்னப் பாட்டிலுக்குள் அடங்கிவிடும். ரசத்தில் போட்டுக் கொதிக்க வைக்காதீர்கள், கசப்பு மட்டும்தான் மிஞ்சும். நெய்யில் காபிப்பொடி நிறம் வரும்வரை வறுத்து, இறக்கிய ரசத்தின் மேல் கொட்டி உடனே மூடிவிடுங்கள். நோய்க்குப் பின் நாக்கு செத்துக் கிடக்கும்போது அந்தக் கசப்பு பசியைக் கிளப்பும். நான் கண்ட பலன் அது ஒன்றுதான். பூ நல்லது என்றதும் வேப்பெண்ணெயை உள்ளுக்குக் குடிக்கச் சொல்லும் ஆட்கள் வருவார்கள். கேட்காதீர்கள், குழந்தைகளுக்கு அது உயிருக்கே ஆபத்து.

முகாமுக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கர்ப்பப்பையை எடுக்கும்முன் பலருக்கு மாதக்கணக்கில் ரத்தம் போயிருக்கும். ஹீமோகுளோபினையும் தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சினைப்பையையும் எடுத்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இந்த அசதிக்கு அதுவும் காரணமாகலாம். ரத்தம் குறைவாக இருந்தால் எந்தப் பூவும் அதை ஏற்றாது.

அதெல்லாம் சரியாக இருந்து, மகளோடு மூன்று நாள் வெளியே போகவேண்டும்போல் இருந்தால் போய்வாருங்கள். எண்ணெய்க் குளியல் யாருக்குத்தான் பிடிக்காது?

எங்கள் வீட்டு மரம் இந்த வாரம்தான் உதிர்க்கத் தொடங்கியிருக்கிறது. முகவரி அனுப்பினால் காய்ந்ததும் ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். இப்போதெல்லாம் எனக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை, குச்சி நிறைய இருக்கும். அந்த அக்காவையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்.