கற்பனை நாட்டில் ஒரு கட்சி எழுந்து வீழ்வதை வாசகர் நம்பும்படி எழுதுவது எப்படி?

கேள்வியின் சுருக்கம் இது: 120 தொகுதிகள் உள்ள தீவு நாடு. புதிய கட்சி ஒன்று ஆறே மாதத்தில் ஆட்சியைப் பிடிக்கிறது. எட்டாவது வருடம் தலைவரின் நண்பர் துரோகம் செய்ய, கட்சி அழிகிறது. வரைவைப் படித்தவர்கள் நம்பவில்லை என்கிறீர்கள். எனக்கும் நம்பிக்கை வரவில்லை.

முதலில் அந்தத் துரோகியைக் கதையிலிருந்து எடுத்துவிடுங்கள். துரோகம் நடக்காது என்று சொல்லவில்லை, தினமும் நடக்கிறது. ஆனால் நன்றாக இருக்கிற கட்சியைத் துரோகியால் ஒன்றும் செய்ய முடியாது. ஏற்கெனவே கணக்கு உடைந்துபோன கட்சியில்தான் அவனுக்கு வேலை. எனவே கணக்கிலிருந்து ஆரம்பியுங்கள்.

உங்கள் தீவில் கடற்கரைக்கு 50 தொகுதி, சமவெளிக்கு 45, மலைக்கு 25 என்று வைத்துக்கொள்வோம். அதிக வாக்கு வாங்கியவர் வெல்லும் முறை, எல்லாத் தொகுதியும் ஏறக்குறைய ஒரே அளவு. உங்கள் கட்சி முதல் தேர்தலில் 14 சதவீதம் வாங்குகிறது. அது நாடு முழுக்கச் சீராகப் பரவியிருந்தால் ஒரு இடம்கூடக் கிடைக்காமல் போகலாம். அதே 14 முழுவதும் மலையிலிருந்து வந்தால், மலை வாக்கில் அது மூன்றில் இரண்டு பங்கு. 25 இடமும் கையில். வாக்கு ஒன்றே, ஒரு கதையில் வரலாறு படைத்த கட்சி, இன்னொன்றில் டெபாசிட் போன கட்சி. பிரிட்டனில் 1983இல் லிபரல்களும் புதிய சமூக ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து 25.4 சதவீதம் வாங்கின, கிடைத்தது 23 இடம். தொழிற்கட்சிக்கு 27.6 சதவீதம்தான், இடங்கள் 209. காரணம், தொழிற்கட்சி வாக்கு தொழில் நகரங்களில் குவிந்திருந்தது.

வாக்கு விகிதப்படி இடம் பிரிக்கும் விகிதாசார முறை என்றால் கதை வேறு. அங்கே கவனிக்க வேண்டியது குறைந்தபட்ச வாக்கு வரம்பு, அதைத் தொடாத கட்சிக்கு இடமே கிடையாது. துருக்கியில் அது 10 சதவீதமாக இருந்தபோது, 2002 தேர்தலில் ஆளும் கூட்டணியின் மூன்று கட்சிகளும் வெளியே போயின. பிரதமரின் கட்சி 1999இல் 22 சதவீதம், 2002இல் ஒன்றேகால். அதற்கு முந்தைய வருடம்தான் தொடங்கப்பட்ட கட்சி 34 சதவீதத்தில் 550க்கு 363 இடம் பிடித்தது. உங்களுக்கு மின்னல் வேக எழுச்சி வேண்டுமென்றால் இப்படி ஒரு வரம்பை வையுங்கள். ஆனால் அந்தப் புதிய கட்சியும் வெறுங்கையோடு வரவில்லை. தடைசெய்யப்பட்ட பழைய கட்சியின் ஆட்களும் நகராட்சி நடத்திய அனுபவமும் அதனிடம் இருந்தன.

இங்கேதான் உங்கள் ஆறு மாதம் இடிக்கிறது. தொகுதிக்கு ஒரு லட்சம் வாக்காளர், ஆயிரம் பேருக்கு ஒரு வாக்குச்சாவடி என்றால் நாடு முழுக்க 12,000 சாவடி. பூத் ஏஜென்ட் ஒருவர், மாற்றாள் ஒருவர் என்றால் 24,000 பேர். அவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. பட்டியலில் இறந்தவர் யார், ஊரைவிட்டுப் போனவர் யார் என்று தெரிந்த உள்ளூர் ஆளாக இருக்க வேண்டும். தலைவரின் பேச்சைக் கேட்க வந்த கூட்டத்திலிருந்து இவர்களைப் பொறுக்கி எடுக்க முடியாது. தொழிற்சங்கம், விவசாயிகள் சங்கம், மாணவர் அமைப்பு, கூட்டுறவுச் சங்கம் என்று ஏற்கெனவே இருக்கிற ஒன்று அப்படியே வந்து சேர வேண்டும். அதோடு ஆளும் கட்சியில் சீட் மறுக்கப்பட்டவர்கள். புதிய கட்சியின் முதல் வேட்பாளர் பட்டியலில் இப்படிப்பட்டவர்கள் கணிசமாக இருப்பார்கள். எழுத்தாளர்கள் இதை அசிங்கம் என்று மறைத்துவிடுகிறார்கள். மறைக்காதீர்கள், பின்னால் வரும் விரிசலுக்கு விதை அதுதான்.

எந்தச் சங்கமும் உதவாவிட்டால் இரண்டு மூன்று தேர்தல் கொடுங்கள். கிரேக்கத்தின் பாசோக் என்ற சோசலிஸ்ட் கட்சி 1974இல் 13.6 சதவீதம், 1977இல் 25, 1981இல் 48. ஏழு வருடத்தில் ஆட்சி என்பதே அசுர வேகம்.

(இடையில் ஒரு புலம்பல். கற்பனை நாடு எழுதுகிறவர்கள் தேசிய கீதம் எழுதுவார்கள், நாணயத்துக்குப் படம் வரைவார்கள், இல்லாத மொழிக்கு இலக்கணம்கூடச் செய்வார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மட்டும் எடுக்க மாட்டார்கள். நதி எங்கே ஓடுகிறது என்று தெரியும், அந்தக் கரையில் எத்தனை பேர் என்ன வேலை செய்கிறார்கள் என்று தெரியாது. பிறகு எப்படித் தேர்தல் நடத்துவது?)

வீழ்ச்சிக்கு நான் பரிந்துரைப்பது கனடா. முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சி 1988இல் 295க்கு 169 இடம். பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தில் 75க்கு 63, மேற்கே ஆல்பர்ட்டாவில் 26க்கு 25. பார்க்கப் பிரமாண்டம். ஆனால் கியூபெக்குக்கு வேண்டியது தனி அந்தஸ்து, ஆல்பர்ட்டாவுக்கு அந்த வார்த்தையே ஆகாது. எதிர்க்கட்சியாக இருக்கும்வரை இருவரிடமும் தலையாட்டலாம். ஆட்சியில் உட்கார்ந்தால் ஏதாவது ஒன்றில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அரசியல் சட்டத் திருத்த முயற்சி 1990இல் தோற்றதும் கியூபெக் உறுப்பினர்கள் சிலர் பிரிந்து தனிக் கட்சி கண்டார்கள். மேற்கில் ரிஃபார்ம் கட்சி 1987இலேயே வந்துவிட்டது. 1993 தேர்தலில் ஆளும் கன்சர்வேட்டிவ்களுக்கு 16 சதவீத வாக்கு, இரண்டே இடம். பிரதமரே தோற்றார். அவர்களைவிடக் குறைவாக, 13.5 சதவீதம் வாங்கிய கியூபெக் கட்சிக்கு 54 இடம். மேலே சொன்ன மலைக் கணக்கு இங்கே ஆளும் கட்சிக்குத் தலைகீழாக வேலை செய்திருக்கிறது, பாருங்கள்.

உங்கள் கட்சிக்கும் இதையே செய்யுங்கள். மலைக்காரர் கேட்பது வன உரிமை, சமவெளிக்காரர் கேட்பது அணை. இரண்டையும் வாக்குறுதியாகக் கொடுத்து வென்றாயிற்று. அணைக்கு எந்த வருடம் அனுமதி என்று முடிவு செய்தால் வீழ்ச்சிக்கான தேதியும் கிடைத்துவிடும்.

கட்சிக்குள் அழுகல் எப்படித் தெரியும்? உழைத்த மாவட்டச் செயலாளர்கள் அமைச்சராகிவிடுவார்கள், அவர்கள் இடத்துக்கு மைத்துனரோ ஒப்பந்தக்காரரோ வருவார். உறுப்பினர் எண்ணிக்கை ஏறும், சந்தா ரசீதுப் புத்தகம் திரும்பி வராது. உறுப்பினர் அட்டைகளுக்கான பணத்தை ஒரே ஆள் மொத்தமாகக் கட்டியிருப்பார், அடுத்த நிர்வாகிகள் தேர்தலுக்காக. உள்ளாட்சித் தேர்தலில் முதல் அடி விழும். தலைமை அதை உள்ளூர்ப் பிரச்சினை என்று ஒதுக்கும்.

பிளவை எழுதுமுன் கட்சி விதிகளில் மூன்றை மட்டும் எழுதி வையுங்கள்: வேட்பாளருக்கான அங்கீகாரக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு, பொதுக்குழுவை யார் கூட்டலாம், கட்டடமும் வங்கிக் கணக்கும் யார் பெயரில். வேட்புமனு கடைசி நாள், மணி இரண்டே முக்கால். ஒரே தொகுதிக்கு இரண்டு பேர், இருவர் கையிலும் கட்சிக் கடிதம், ஒன்றில் தலைவர் கையெழுத்து, மற்றதில் பொதுச்செயலாளர் கையெழுத்து. தேர்தல் அதிகாரி கடிகாரத்தையும் விதிப் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார். உங்கள் துரோகி வேண்டுமென்றால் இங்கே வரட்டும், அந்த இரண்டாவது கையெழுத்தாக.

அப்புறம், தோற்ற கட்சி உடனே சாகாது. வாக்கு, இடங்களின் அடிப்படையில் அரசு நிதி தரும் நாட்டில் அடி பணத்தில் விழும். பிரெஞ்சு சோசலிஸ்ட் கட்சி 2012இல் 280 இடம், 2017இல் சுமார் 30. அந்த வருடமே பாரிஸ் தலைமையகத்தை விற்றது. கனடாக் கட்சி மேலும் பத்து வருடம் உயிரோடு இருந்து, 2003இல் போட்டிக் கட்சியோடு இணைந்தது. இணைந்த கட்சி 2006இல் ஆட்சிக்கே வந்தது.

"நீ யாரை மனதில் வைத்துச் சொல்கிறாய் என்று தெரியும்" என்று எழுத வருபவர்களுக்கு: இதற்காகத்தான் உள்ளூர்க் கட்சி ஒன்றைக்கூடத் தொடவில்லை. "தலைவரின் ஆளுமையே எல்லாம்" என்பவர்களுக்கு: ஆளுமை முக்கியம்தான், ஆனால் தோற்ற தலைவர்களுக்கும் அது இருந்தது.

சின்னம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வாக்குச்சீட்டு கறுப்பு வெள்ளை என்றால் நிறத்தை நம்ப வேண்டாம். கட்டைவிரல் அளவில், மங்கலாக அச்சானாலும் பக்கத்துச் சின்னத்தோடு குழம்பாத ஒரு பொருள் போதும். சிங்கம் வேண்டாம், சின்னதாக்கினால் நாய் மாதிரி இருக்கும்.