லேப்டாப்பில் அழித்தால் போனிலும் போய்விடுமா?

நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டில் பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு லேப்டாப் இருக்கிறது. முன்னோருக்குப் படைக்கும் படைப்புக் கணக்கு எழுத வாங்கியது. சாந்தி கல்யாணப் (அறுபதாம் கல்யாணம்) பத்திரிகையை உறவுக்காரர்களுக்கு அனுப்புவதற்காக என் பேரன் என்னுடைய வாட்ஸ்அப்பை அதில் திறந்து கொடுத்தான். வேலை முடிந்ததும் சென்னைக்குப் போய்விட்டான். இப்போது யார் லேப்டாப்பைத் திறந்தாலும் என் பேச்சு முழுவதும் தெரிகிறது. வீட்டுப் பங்கை விற்பது பற்றி மகளோடு பேசியது, பாஸ்புக் படம் எல்லாம் அதில் கிடக்கிறது. லேப்டாப்பில் மட்டும் அழிய வேண்டும், போனில் அப்படியே இருக்க வேண்டும். என்ன செய்வது?
- ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, லேப்டாப்பில் உட்கார்ந்து எதையும் அழித்துவிடாதீர்கள். அங்கே அழித்தால் உங்கள் போனிலும் போய்விடும்.

லேப்டாப்பில் வாட்ஸ்அப்பைத் திறப்பதால் அங்கே தனிக் கணக்கு எதுவும் உண்டாவதில்லை. போனில் இருக்கும் அதே கணக்கைத்தான் இன்னொரு திரையில் பார்க்கிறீர்கள். ஆகவே லேப்டாப்பில் 'டிலீட் சாட்' என்றோ 'கிளியர் சாட்' என்றோ 'டிலீட் ஃபார் மீ' என்றோ எதை அழுத்தினாலும் அது போனுக்கும் போய்ச் சேரும். எனக்கு வரும் கடிதங்களில் இந்த ஒரு விஷயம் தெரியாமல் பேரப்பிள்ளைகளின் குரல் பதிவுகளையும் பழைய படங்களையும் இழந்தவர்கள்தான் அதிகம்.

உங்களுக்கு வேண்டியது இணைப்பைத் துண்டிப்பது. அதற்கு லேப்டாப் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை, பேரனும் வர வேண்டியதில்லை. உங்கள் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து, மேலே வலது ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு 'லிங்க்டு டிவைசஸ்' என்பதற்குள் போங்கள். ஐபோனாக இருந்தால் 'செட்டிங்ஸ்' உள்ளே இருக்கும். எந்தெந்தக் கணினியில் உங்கள் வாட்ஸ்அப் திறந்திருக்கிறது என்று அங்கே வரிசையாகத் தெரியும். வீட்டு லேப்டாப்பின் பெயரைத் தொட்டு 'லாக் அவுட்' கொடுங்கள். அதன்பிறகு அந்த லேப்டாப்பில் உங்கள் பேச்சு திறக்காது. போனில் ஒரு வரிகூடக் குறையாது.

ஒரு போனோடு நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். அந்த வரிசையில் உங்களுக்குத் தெரியாத கருவி ஏதாவது இருந்தால் யோசிக்காமல் அதையும் வெளியேற்றிவிடுங்கள். வேண்டியவர்களாக இருந்தால் மறுபடி உங்களிடம் வந்து கேட்டு இணைத்துக்கொள்ளட்டும். "கொஞ்ச நாளில் தானாகவே லாக் அவுட் ஆகிவிடும்" என்று யாராவது சொன்னால் அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். 14 நாளுக்கு மேல் போனைப் பயன்படுத்தாமல் வைத்தால் இணைத்த கருவிகள் அப்படி வெளியேறும். நீங்களோ தினமும் மகளோடு பேசுகிறவர்.

இத்தோடு வேலை முடிந்துவிடவில்லை. பேரன் பத்திரிகைப் படத்தையோ பாஸ்புக் படத்தையோ லேப்டாப்பில் இறக்கியிருந்தால் அது 'டவுன்லோட்ஸ்' என்ற கோப்புறையில் தனியாக உட்கார்ந்திருக்கும். வாட்ஸ்அப்பை லாக் அவுட் செய்தாலும் அது அசையாது. நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கோப்புறையைத் திறந்து உங்களுடையதை மட்டும் அழியுங்கள். பிறகு 'ரீசைக்கிள் பின்' என்ற குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். பொது லேப்டாப்பில் எல்லோரும் கவனிக்கத் தவறுவது இந்த டவுன்லோட்ஸ்தான். ஆதார் நகல், பத்திர நகல், நகைக்கடன் ரசீது எல்லாம் அங்கேதான் சேர்ந்து கிடக்கும்.

இனி அந்த லேப்டாப்பை எல்லோரும் புழங்குவதாக இருந்தால், விண்டோஸில் ஆளுக்கொரு 'யூசர் அக்கவுண்ட்' போட்டுத் தரச் சொல்லுங்கள். காசு செலவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல். பொது வீடு என்பதற்காக ஒருவருடைய பேச்சும் பொதுவாகிவிட வேண்டியதில்லை. பங்காளிகளிடம் இதைச் சொல்ல நீங்கள் தயங்கவே வேண்டாம்.

கேள்வி: காரைக்குடியில் வீடு கட்டுகிறேன். ஆத்தங்குடி டைல்ஸ் ஆர்டர் கொடுத்தேன். டிசைன், அளவு, விலை எல்லாம் லேப்டாப்பில் வாட்ஸ்அப் வழியாகத்தான் பேசினோம். சரக்கு வந்து இறங்கியதும் வேலை முடிந்தது என்று அந்த உரையாடலை அழித்துவிட்டேன். கொத்தனார் பிரித்துப் பார்த்தால் நாங்கள் சொன்ன பூ டிசைன் இல்லை. கடைக்காரர், "நீங்கள் கேட்டது இதுதான்" என்கிறார். பழைய பேச்சை மீட்க முடியுமா?

பதில்: முடியலாம். ஆனால் இன்றைக்கே இறங்க வேண்டும். வாட்ஸ்அப்பில் குப்பைத் தொட்டி கிடையாது. அழித்த உரையாடலை மீட்க ஒரே வழி பழைய 'பேக்கப்', அதாவது முன்பே சேமித்து வைத்த நகல். ஆண்ட்ராய்டு போனில் இரவு நேரத்தில் அது தானாகவே எடுக்கப்படும். நீங்கள் அழித்த பிறகு எடுத்த பேக்கப்பில் அந்தப் பேச்சு இருக்காது. அதனால் முதல் வேலையாகப் போனில் 'செட்டிங்ஸ்', 'சாட்ஸ்', 'சாட் பேக்கப்' என்று போய், கடைசி பேக்கப் எந்தத் தேதியில் எடுத்தது என்று பார்த்துவிட்டு, தானாக எடுப்பதை நிறுத்துங்கள். உரையாடலை அழிப்பதற்கு முந்தைய தேதி என்றால் வாட்ஸ்அப்பை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவும்போது அதிலிருந்து மீட்கலாம். கூகுள் கணக்கில் உள்ள பேக்கப் நீங்கள் அழித்த பிறகு எடுத்ததாக இருந்தாலும் நம்பிக்கை இருக்கிறது: ஆண்ட்ராய்டு போனின் உள்ளேயே கடைசி 7 நாளைய பேக்கப் வரை தனியாக இருக்கும், விவரம் தெரிந்தவர் எடுத்துத் தருவார். ஒன்றை மறந்துவிடாதீர்கள். பழைய பேக்கப்புக்குத் திரும்பினால் அதற்குப் பிறகு வந்த செய்திகள் போய்விடும். அவற்றில் முக்கியமானவற்றை முன்கூட்டியே வேறிடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள்.

மீட்க முடியாமல் போனாலும் மனம் தளர வேண்டாம். கடைக்காரர் அனுப்பிய மாதிரிப் படம் உங்கள் லேப்டாப்பின் டவுன்லோட்ஸிலோ போனின் கேலரியிலோ இருக்கலாம். முன்பணம் கொடுத்தது யுபிஐ கணக்கிலும் வங்கிக் குறுஞ்செய்தியிலும் இருக்கும். வீட்டில் வேறு யாருக்காவது அந்தப் படத்தை அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தால் அவர்கள் போனில் தேதியோடு இருக்கும். புது வீட்டுத் தரை எப்படி அமையப்போகிறது என்று பத்துப் பேருக்குக் காட்டாதவர் நம் பக்கத்தில் யார்? உறவினர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

சரக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆத்தங்குடி டைல்ஸ் சூளையில் சுடுவது கிடையாது. சிமென்ட், மணல், வண்ணக் கலவை மூன்றையும் கண்ணாடி மேல் கையால் வார்த்து, தண்ணீரில் ஊற வைத்து எடுக்கிறார்கள். ஒரு கல்லுக்கும் இன்னொரு கல்லுக்கும் நிறம் கொஞ்சம் முன்பின் இருப்பது கைவேலையின் இயல்பு. அதைக் குறையென்று சொல்லிக் கைவினைஞரிடம் சண்டைக்குப் போவது நியாயம் ஆகாது. ஆனால் கேட்ட டிசைன் ஒன்று, வந்தது வேறொன்று என்றால் அது உங்கள் உரிமைப் பிரச்சினை. கல்லைப் பதிக்க விடாதீர்கள். பதித்துவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பேசுவார்கள். பிரித்த நிலையில் படம் எடுத்து, கடைக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள்.

அவர் இறங்கி வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யலாம். அதிலும் தீராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

அந்த 2 ஆண்டுக் கெடுவை மனதில் வைத்துத்தான் உங்களைப் போல ஆர்டர் கொடுக்கும் எல்லோரையும் கெஞ்சிக் கேட்கிறேன்: பொருள் கைக்கு வந்து, பொருத்திப் பார்த்து, பில் வாங்கும் வரை அந்தப் பேச்சை அழிக்காதீர்கள். அதன் பிறகும் போன் வாட்ஸ்அப்பில் 'எக்ஸ்போர்ட் சாட்' கொடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கு ஒரு நகலை அனுப்பி வையுங்கள். லேப்டாப்பில் இடம் அடைக்கிறது என்றால் வீடியோக்களை அழியுங்கள், எழுத்து எடுத்துக்கொள்ளும் இடம் அற்பம். இன்னொன்றையும் கவனியுங்கள். 'டிஸ்அப்பியரிங் மெசேஜஸ்' என்ற வசதியை இருவரில் யார் வேண்டுமானாலும் போடலாம். போட்டால் அன்றிலிருந்து வரும் செய்திகள் 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ 90 நாளிலோ தானாக மறையும். வியாபாரப் பேச்சில் எதிர்த்தரப்பு அதைப் போட்டதாக அறிவிப்பு வந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்த மறுப்பவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: லேப்டாப்பில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தபோது, "உங்கள் செய்திகள் முழுமையாக அழியவில்லை, நிரந்தரமாக அழிக்க இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்" என்று ஒரு பெட்டி வந்தது. கூப்பிட்டேன். பணம் கட்டினால் செய்து தருவதாகச் சொல்லி, திரையைப் பகிரும் ஆப் ஒன்றைப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: போடாதீர்கள். நீங்கள் அழித்தீர்களா இல்லையா என்று ஓர் இணையப் பக்கத்துக்கு எப்படித் தெரியும்? அந்த ஆப்பைப் போட்டால் உங்கள் திரை அவர் கைக்குப் போய்விடும். வங்கி ஓடிபியும் அவர் கண்ணில் படும். ஏற்கெனவே போட்டிருந்தால் இணையத்தைத் துண்டித்து, ஆப்பை நீக்கி, வேறு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் தன்னுடைய பழைய மேக்புக்கை என் மகளின் படிப்புக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணனுக்கு வரும் செய்திகளெல்லாம் அதிலும் வருகின்றன. சங்கடமாக இருக்கிறது. அவற்றை நாங்களே அழித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். செய்திகளை எல்லா ஆப்பிள் கருவிகளிலும் ஒன்றுபோல வைத்திருக்கும் 'மெசேஜஸ் இன் ஐக்ளவுட்' வசதியை அவர் போட்டிருந்தால், இங்கே நீங்கள் அழிப்பது அங்கே அவர் ஐபோனிலும் அழியும். தெரியாமல் அழித்திருந்தால் உடனே அவரிடம் சொல்லுங்கள். ஐபோனிலும் மேக்கிலும் 'ரீசென்ட்லி டிலீட்டட்' என்ற பகுதியில் 30 நாள் வரை இருக்கும், அதிலிருந்து மீட்டுக்கொள்ளலாம். 2022-இல் வந்த ஐஓஎஸ் 16, மேக்ஓஎஸ் வென்ச்சுரா முதல்தான் இந்த வசதி. அதற்கு முந்தைய பதிப்பு என்றால் இருக்காது.

முறையான வழி, அண்ணன் தன் கணக்கிலிருந்து அந்த மேக்புக்கை விடுவிப்பது. அவருக்கு வீடியோ அழைப்பு போட்டு, அவர் சொல்லச் சொல்ல நீங்கள் செய்யலாம். மேக்ஓஎஸ் மான்டரே அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு ஓடும் புது மாடல்களில் 'இரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்' என்று இருக்கும். அதைக் கொடுத்து அவர் தன் ஆப்பிள் கடவுச்சொல்லைப் போட்டால் செய்திகள், படங்கள், வேறு யாரும் பயன்படுத்தாதபடி காக்கும் 'ஃபைண்ட் மை' பூட்டு எல்லாம் சேர்ந்து போய்விடும். அவர் வேண்டியதை முதலில் நகல் எடுத்துக்கொள்ளட்டும். அந்தப் பூட்டை எடுக்காமல் விட்டால் பின்னாளில் உங்கள் மகளுக்கு அந்த மேக்புக் திறக்காமலே போகலாம். அண்ணனிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

கேள்வி: பழைய விண்டோஸ் லேப்டாப்பைக் கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கப் போகிறேன். போன் செய்திகளைப் பார்க்க கூகுள் மெசேஜஸ், வாட்ஸ்அப் இரண்டையும் அதில் இணைத்திருந்தேன். எல்லாவற்றையும் 'டிலீட்' கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. இரண்டுமே போனோடு சேர்ந்தவை, அங்கே அழித்தால் உங்கள் போனில்தான் கை வைக்கிறீர்கள். போனிலிருந்து இரண்டு இணைப்பையும் துண்டியுங்கள். கூகுள் மெசேஜஸிலும் இணைத்த கணினிகளைப் பார்க்கும் இடம் 'டிவைஸ் பேரிங்' என்ற பெயரில் இருக்கிறது. அதன்பிறகு விண்டோஸில் 'செட்டிங்ஸ்', 'ரெக்கவரி', 'ரீசெட் திஸ் பிசி', 'ரிமூவ் எவ்ரிதிங்' என்று போய், கூடுதல் அமைப்பில் 'கிளீன் டேட்டா'வையும் சேர்த்துப் போடுங்கள். அதைப் போடாவிட்டால் பழைய ஹார்டு டிஸ்க்கில் அழித்த கோப்புகளை மீட்பு மென்பொருள் வைத்துத் தோண்டி எடுக்க முடியும். சில மணி நேரம் பிடிக்கும், சார்ஜரைச் செருகி இரவில் விட்டுவிடுங்கள்.

"நாங்களே ஃபார்மேட் பண்ணிக்கிறோம் சார்" என்று கடையில் சொன்னாலும் வீட்டில் செய்துவிட்டே கொண்டுபோங்கள். லேப்டாப் திறக்கவே இல்லை என்றால் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள், விலை சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்துவிட்டதால் பழைய லேப்டாப்புகள் கடைகளில் குவிகின்றன, விலையும் அடித்துப் பேசுவார்கள். எக்ஸ்சேஞ்ச் ரசீதில் லேப்டாப்பின் வரிசை எண்ணையும் தேதியையும் எழுதச் சொல்லி, கடை முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.