சாப்பாட்டுக் கூடத்தில் தூங்குகிறவர்கள்

அன்புள்ள ஐயா,

நவம்பரில் நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் நடந்தோம். தோரோங் கணவாய்க்குக் கீழே இருக்கும் தோரோங் பேதி விடுதியில் இரவு முழுக்கத் தூக்கமில்லை. நாற்றமடித்த ரஜாய் (பஞ்சுப் போர்வை), பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவரின் ஓயாத இருமல். (காலையில் அவருக்கு இஞ்சி டீ வாங்கிக் கொடுத்தோம்.) போனுக்கு சார்ஜ் போடவும் காசு. எங்கள் போர்ட்டர்களோ அடுப்பிருந்த சாப்பாட்டுக் கூடத்தில் சொகுசாகப் படுத்துக்கொண்டார்கள். அக்டோபரில் போயிருக்கலாமோ? அடுத்த முறை கூடாரம் கொண்டுபோகலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

4,400 மீட்டருக்கு மேலே பலருக்கும் தூக்கம் பிடிக்காது. ரஜாயைக் குறை சொல்லிப் பயனில்லை. அக்டோபரையும் நம்பிவிடாதீர்கள். 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயலின் மிச்சம்தான் அந்த மலைகளில் பனிப்புயலாகி 40 பேருக்கு மேல் கொன்றது. சார்ஜ் காசைப் பற்றிப் பேச எனக்கு மனமில்லை.

'சொகுசாக' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். போன மாதம் பழைய புகைப்படம் ஒன்று கையில் கிடைத்தது. அதே ஊர், அதே மாதிரிக் கூடம். அடுப்பைச் சுற்றி நாங்கள் நான்கு பேர் சீட்டாடிக்கொண்டிருக்கிறோம். பின்னால் கதவோரம் எங்கள் போர்ட்டர், மடியில் மடித்த கம்பளியோடு. இத்தனை வருடம் அந்தக் கம்பளி என் கண்ணில் பட்டதே இல்லை. நாங்கள் எழுந்து போனால்தான் அந்த பெஞ்சில் அவர் படுக்க முடியும். நாங்கள் பத்தரை வரை ஆடினோம். அடுப்பில் விறகு போட்டதும் நாங்கள் இருந்தவரைதான். மூன்றரைக்கு சமையலாள் வந்து விளக்கைப் போட்டதும் அவர் எழுந்துவிட்டார். அப்புறம் எங்கள் மூட்டைகளைச் சுமந்துகொண்டு 5,416 மீட்டர் கணவாயைத் தாண்டினார்.

இருமியவருக்கு டீ வாங்கிக் கொடுத்த உங்களுக்கு, கூடத்தில் படுத்தவரை ஏன் தெரியாமல் போனது? அறை மிஞ்சினால்தான் அவர்களுக்கு அறை. இல்லாவிட்டால் பெஞ்சுதான். அதைச் சொகுசு என்று எழுத எப்படிக் கை வந்தது? கிளம்பும் முன்பே ஏஜென்சியில் கேளுங்கள், அவர்கள் எங்கே படுப்பார்கள் என்று. அறைக்குக் காசு கேட்டால் கொடுங்கள். இடமே இல்லையென்றால் எட்டு மணிக்குக் கூடத்தைவிட்டு எழுந்துவிடுங்கள், ரஜாய் நாறினாலும் சரி.

கூடாரம் வேண்டாம். அதையும் அவர்தான் தூக்க வேண்டியிருக்கும்.