சாமி வேறு, சாதி வேறா?

கேள்வி: எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு, சாதியில் நம்பிக்கை இல்லை. "சாதி இல்லாமல் இந்து மதமே இல்லை" என்கிறார் நண்பர். அப்படியானால் நான் கோயிலுக்குப் போவதே தப்பா?

பதில்: தப்பே இல்லை, தாராளமாகப் போங்கள். ஆனால் நண்பர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. ரிக் வேதத்தின் புருஷ சூக்தம் நான்கு வருணங்களும் ஆதி மனிதனான புருஷனின் வாய், தோள், தொடை, பாதங்களிலிருந்து வந்தன என்கிறது, மனுஸ்மிருதி அதையே சட்டமாக்கித் தண்டனையைக்கூட வருணத்துக்கு ஏற்ப மாற்றுகிறது.

சரி, பக்தி இலக்கியம் சாதியை உடைத்ததே என்பீர்கள். பெரியபுராணத்தில், தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்த சிவபக்தர் நந்தனாரைப் பாருங்கள். திருப்புன்கூரில் வெளியே நின்ற அவருக்குச் சாமி தெரியும்படி நந்தியே விலகுகிறது, நெகிழ வைக்கும் இடம் அது. ஆனால் அப்புறம் தில்லைக்குள், அதாவது சிதம்பரம் கோயிலுக்குள், நுழைய அவர் தீயில் இறங்கி, மார்பில் பூணூலோடு முனிவராக வெளியே வர வேண்டியிருக்கிறது. வந்த உருவத்திலேயே அவரை ஏன் உள்ளே விடவில்லை? இந்தக் கேள்வியைப் பக்தர்கள்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

கேட்டவர்களும் உண்டு. 1939-ல் காந்தியவாதியான வைத்தியநாத ஐயர் தலித்துகளையும் நாடார் ஒருவரையும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனார், அவரும் சாமி கும்பிடுகிறவர்தான். அம்பேத்கரோ சாஸ்திரங்களின் புனிதத்தைத் தகர்க்காமல் சாதி போகாது என்று சொல்லி, 1956-ல் பௌத்தரானார். என்னைக் கேட்டால், சாஸ்திரம் பற்றி அவர் சொன்னதுதான் சரி. சாமியைக் கும்பிடுங்கள், சாதியை நியாயப்படுத்தும் வரியை மட்டும், எந்த நூலில் இருந்தாலும், ஏற்காதீர்கள். உங்கள் ஊர்த் தேர் எந்தத் தெருவுக்குள் போகாமல் திரும்புகிறது என்று விசாரித்து, அதைத் திருவிழாக் கமிட்டியிடம் கேளுங்கள்.