கார்ன்ஸ், டெவிட், கொன்சாலஸ்: எந்தக் கவுண்டியில் கிணறு நன்றாகச் சுரக்கும்?

கேள்வி: டெக்சாஸின் ஈகிள் ஃபோர்டு ஷேல் பாறைப் பகுதியில் அடுத்தடுத்து இருக்கும் கார்ன்ஸ், டெவிட், கொன்சாலஸ் கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் போன்றவை) எண்ணெய், எரிவாயுக் கிணறுகளின் வளம் எங்கே அதிகம்? சிறிய ராயல்டிப் பங்கு (கிணற்று வருமானத்தில் ஒரு பகுதியைப் பெறும் உரிமை) ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிறேன்.

2013இல் கேட்டிருந்தால் "கார்ன்ஸ்" என்று ஒரே சொல்லில் முடித்திருப்பேன். ஹூஸ்டனில் அப்போது மதியச் சாப்பாட்டு மேசையில்கூட அந்தப் பெயர்தான் அடிபட்டது. ஒரு தரகர் கார்ன்ஸின் தென்கிழக்கு மூலையில் ஒரு பங்கு விலைக்கு வருகிறது என்றார். அந்தக் கவுண்டிக் கிணறுகளின் சராசரி உற்பத்தியைப் படம் போட்டுக் காட்டினார். வாங்கிவிட்டேன். நண்பர் ஒருவர் அதே வாரம் கொன்சாலஸின் தெற்கு விளிம்பில் என்னைவிட மலிவாக வாங்கினார். அவருக்கு எண்ணெய் வந்தது; எனக்குப் பெரும்பாலும் வாயு வந்தது. வாயுவை வைத்து வீட்டில் என்னைச் செய்த கேலியை இங்கே எழுத முடியாது.

பாறைக்கும் வரப்பு உண்டு என்று நினைத்ததுதான் நான் செய்த பிழை. ஈகிள் ஃபோர்டு அடுக்கு, மேலே ஆஸ்டின் சாக், கீழே பியூடா சுண்ணாம்புப் பாறை என்று இரண்டுக்கும் நடுவே, சுமார் 400 மைல் நீளத்துக்கும் 50 மைல் அகலத்துக்கும் கிடக்கிறது. மெக்சிகோ வளைகுடாவை நோக்கி, அதாவது தென்கிழக்கே, சரிந்துகொண்டே போகிறது. வடமேற்கில் ஏறக்குறைய 4,000 அடியில் இருப்பது தென்கிழக்கில் 12,000 அடிக்குப் போய்விடுகிறது. ஆழம் கூடினால் சூடு கூடும். கோடிக்கணக்கான ஆண்டுகள் அந்தச் சூட்டில் கிடந்தால் எண்ணெய் வெந்து வாயுவாகிவிடும். அதனால் ஆழம் குறைந்த பக்கம் எண்ணெய், நடுவில் கண்டன்சேட் எனப்படும் மெல்லிய திரவமும் வாயுவும், ஆழமான பக்கம் வெறும் வாயு என்று மூன்று பட்டைகள் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓடுகின்றன. கவுண்டி எல்லைகளை அவை சட்டை செய்வதில்லை. கார்ன்ஸ் ஒன்றுக்குள்ளேயே வடமேற்கில் எண்ணெயும் தென்கிழக்கில் வாயுவும் உண்டு.

அப்படியானால் வடமேற்கே போகப் போக நல்லதுதானே என்றால், அதுவும் இல்லை. அந்தத் திசையில் அடுத்து வரும் வில்சன் கவுண்டியில் கிடைப்பது எண்ணெய்தான். ஆனால் ஆழம் குறையும்போது பாறையின் அழுத்தமும் குறைகிறது, எண்ணெயை மேலே தள்ள வலு போதுவதில்லை. தள்ளும் அளவு அழுத்தம் வேண்டும், வாயுவாகும் அளவு சூடு கூடாது. இரண்டும் பொருந்திய இடம் குறுகியது. இங்கே அதற்குக் கார்ன்ஸ் ட்ரஃப் என்று பெயர்: நிலப்பிளவுகளுக்கு இடையே தாழ்ந்துபோன ஒரு பள்ளம், அடுக்கும் அங்கே தடிமன். கார்ன்ஸின் வடகிழக்கு, டெவிட்டின் மேற்கு, கொன்சாலஸின் தெற்கு மூன்றும் கிட்டத்தட்ட ஒரே வளம் என்பது என் கணிப்பு. கொன்சாலஸின் வடபாதியும் தென்பாதியும் அப்படி ஒன்றாக இருக்கவே இருக்காது.

இனி எண்களுக்கு வருகிறேன், ஏமாறுவது இங்கேதான். டெவிட் கிணறுகளைப் பற்றிப் பேசும்போது "ஒரு நாளைக்கு இத்தனை பீப்பாய் எண்ணெய்ச் சமானம்" என்பார்கள். 6,000 கன அடி வாயுவை ஒரு பீப்பாய் எண்ணெய்க்குச் சமமாக வைக்கும் கணக்கு அது. எரிசக்தியில் சமம்தான், காசில் இல்லை. ஒரு கிணறு நாளைக்கு 1,000 பீப்பாய் எண்ணெயும் 12 லட்சம் கன அடி வாயுவும் தருகிறது என்று வையுங்கள். இன்னொன்று 400 பீப்பாயும் 48 லட்சம் கன அடியும் தருகிறது. இரண்டும் 1,200 பீப்பாய்ச் சமானம். எண்ணெய் பீப்பாய்க்கு 70 டாலர், வாயு ஆயிரம் கன அடிக்கு 3 டாலர் என்றால் முதல் கிணற்றின் ஒரு நாள் வருமானம் 73,600 டாலர், இரண்டாவது கிணற்றுக்கு 42,400. வாயுவிலிருந்து பிரியும் புரோப்பேன், பியூட்டேன் கொஞ்சம் ஈடுகட்டும், அவ்வளவுதான். போதாததற்கு டெக்சாஸ் மாநிலம் எண்ணெய்க்கு 4.6 சதவீதமும் வாயுவுக்கு 7.5 சதவீதமும் உற்பத்தி வரி பிடிக்கிறது.

கிணறு திறந்தவுடன் எடுக்கும் 24 மணி நேரச் சோதனை அளவையும் அப்படியே நம்பாதீர்கள். மாநிலத்தின் ரயில்ரோடு ஆணையத்திடம் (பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம், எண்ணெய்க் கிணறுகளைக் கண்காணிப்பது அதுதான்) தாக்கலாகும் படிவத்தில் சோக் அளவு என்று ஒரு கட்டம் இருக்கும். கிணற்றின் வாயில் வைத்த துளையின் விட்டம் அது. அங்குலத்தில் 64இல் எத்தனை பங்கு என்று எழுதுவார்கள். 32 என்றால் அரை அங்குலம், 16 என்றால் கால் அங்குலம். குழாயை முழுக்கத் திறந்தால் குடம் சீக்கிரம் நிறையும். தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பதை அது சொல்லாது. சிறிய துளையில் 800 பீப்பாய் தந்த கிணறு, பெரிய துளையில் 1,200 தந்ததைவிட மேலாக இருக்கலாம். அதே படிவத்தில் எண்ணெய்க்கும் வாயுவுக்கும் உள்ள விகிதமும் இருக்கிறது. நீங்கள் எந்தப் பட்டையில் நிற்கிறீர்கள் என்று அந்த ஒரு எண் காட்டிக்கொடுத்துவிடும். 2013இல் எனக்கு அதைப் பார்க்கத் தெரியவில்லை.

மாதாந்தர உற்பத்தியும் ஆணையத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு சிக்கல்: வாயுக் கிணறுகளுக்குத் தனித்தனியாகக் கணக்கு உண்டு, எண்ணெய்க்கோ குத்தகை நிலம் முழுவதற்கும் சேர்த்து ஒரே கணக்கு. ஆறு கிணறு உள்ள குத்தகையில் எது சுரக்கிறது, எது வற்றியது என்று தெரியாது. ஒற்றைக் கிணறு உள்ள குத்தகைகளை மட்டும் பொறுக்கி ஒப்பிடுவது என் வழக்கம். அப்போதும் ஒரே ஆண்டில் தோண்டியவற்றைத்தான் எடுத்துக்கொள்வேன். 2011இல் படுக்கைவாட்டில் 5,000 அடி துளைத்ததையும், பின்னாளில் 10,000 அடி துளைத்து, பாறையைப் பிளக்க இரு மடங்கு மணலும் தண்ணீரும் செலுத்தியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாறையின் வளம் தெரியாது, செலவழித்த பணம்தான் தெரியும். உற்பத்தியை நீளத்தால் வகுத்து, 1,000 அடிக்கு எவ்வளவு என்று பாருங்கள். முதல் ஆண்டிலேயே பாதிக்கு மேல் வீழ்ந்துவிடும் கிணறுகள் இவை என்பதால் குறைந்தது 12 மாதத் தொகுப்பு வேண்டும்.

வாங்கலாமா என்பதற்கு: தரகர் கவுண்டியின் பெயரை மட்டும் சொன்னால் வேண்டாம். நிலம் சரியாக எங்கே இருக்கிறது என்று காட்டும் நில அளவைப் பெயரையும், மூன்று மைல் சுற்றளவில் உள்ள கிணறுகளின் எண்களையும் கேளுங்கள். அவர் தயங்கினால் தேநீருக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். என் கார்ன்ஸ் பங்குக்குச் சென்ற மாதம் வந்த காசோலையில் இரண்டு பேர் மதியம் சாப்பிடலாம், இனிப்பு இல்லாமல்.