பேட்டரி மூடி நிற்காத பாடும் பொம்மை

சகோதரி, திருவிழாக் கடையில் வாங்கிய பாடும் பொம்மையின் பேட்டரி மூடி அடிக்கடி கழன்றுவிடுகிறது, டேப் ஒட்டினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. இப்போதே பேட்டரிகளை எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது எண்ணிப் பாருங்கள். மூன்று குழி இருந்து இரண்டுதான் கிடைத்தால், மூன்றாவது எங்கே என்று தெரிந்தாக வேண்டும்.

இந்த மாதிரிப் பொம்மையில் இருக்கும் பட்டன் பேட்டரி, அதாவது பொத்தான் போன்ற சிறு வட்ட பேட்டரி, உணவுக்குழாயில் சிக்கினால், அங்குள்ள ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து சதையை அரிக்கும் காரப்பொருள் உருவாகும். 2 மணி நேரத்திலேயே உள்ளே வெந்து புண்ணாகிவிடும். தீர்ந்துபோன பேட்டரியும் இதைச் செய்யும். பிள்ளை விழுங்கியிருப்பானோ என்ற சந்தேகம் வந்தாலே நேரே மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாழைப்பழம் கொடுத்து உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். எக்ஸ்ரேயில் அது நாணயம்போலத் தெரியலாம். பேட்டரியாக இருக்கலாம் என்று நீங்களே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒழுங்காகச் செய்த பொம்மையில் இந்த மூடிக்கு ஸ்குரூ இருக்கும். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அப்படியிருந்தும் ஒரு ஸ்குரூவின் காசை மிச்சப்படுத்திப் பிள்ளைகளிடம் விற்கிறார்களே, வயிறு எரிகிறது.

பொம்மையின் கண்ணும் ஆடுகிறது என்கிறீர்கள். பிடுங்கி வாயில் போட இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு நொடி போதும். அந்தப் பொம்மையை வேறு யார் வீட்டுப் பிள்ளைக்கும் கொடுத்துவிடாதீர்கள்.